காரைக்குடியில் வாங்கிய உத்தரக் கட்டை

பால்கனியில் தச்சுவேலை பழக ஆரம்பித்து மூன்று வருஷமாகிறது. இதுவரை செய்ததெல்லாம் பிளைவுட்டில் செருப்பு ஸ்டாண்டு, ரப்பர் மரத்தில் ஒரு முக்காலி (அது இன்றும் ஆடும்). நல்ல மரத்தில் ஒரு பெட்டியாவது செய்துவிட வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பையில் முக்காலங்குல உளியும் சின்ன ரம்பமுமாக எழும்பூரில் பல்லவன் ரயில் ஏறிவிட்டேன்.

காரைக்குடிக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுக்குப் போவார்கள், ஆத்தங்குடித் தரைக் கல் பார்க்கப் போவார்கள். நான் போனது முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு. பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. செட்டிநாட்டில் ஒரு வீட்டைப் பிரித்தால் நிலை, கதவு, தூண், உத்தரம், எனாமல் அடுக்கு என்று ஒவ்வொன்றாக இங்கேதான் வந்து சேரும். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாளில் கப்பலேறி வந்த தேக்கு. வீட்டுக்குள்ளேயே பல பத்தாண்டுகள் காய்ந்தது. இனிமேல் முறுக்கிக்கொள்ளவோ வெடிக்கவோ அதற்குப் பெரிதாகக் காரணம் இல்லை.

முதல் ஒரு மணி நேரம் கண் போன பக்கமெல்லாம் கால் போனது. கஜலட்சுமி செதுக்கிய ஒரு நிலையின் முன்னால் வெகுநேரம் நின்றேன். "அறுத்தா நல்ல பலகை வரும் சார்" என்றார் கடைக்காரர். எனக்கு மனசு வரவில்லை. யாரோ ஒரு ஆசாரி மாதக்கணக்கில் குனிந்து செதுக்கியதை அறுத்து நான் பேனாப் பெட்டி செய்வதா? பொழுதுபோக்குக்கு மரம் தேடுகிறவர்கள் சிற்பமில்லாத உத்தரம், சட்டம், பரண் பலகை இவற்றைக் கேளுங்கள். விலையும் குறையும்.

அந்தத் தெருவில் எந்தக் கட்டையைத் தொட்டாலும் "பர்மா சார்" என்பார்கள். அழுக்கும் பெயிண்டும் ஏறிய பிறகு தேக்கு, வேங்கை, இருள் மூன்று மரத்துக்கும் ஒரே முகம்தான். கேட்டுக்கொண்டு, கண்ணுக்குப் படாத மூலையில் உளியால் லேசாகச் சுரண்டுங்கள். தேக்கு என்றால் பொன்பழுப்பு நிறம் தெரியும், விரலில் மெழுகு தடவியதுபோல் ஒரு வழுவழுப்பு இருக்கும், பழைய தோல்பை வாசனை வரும். ஒரு முனையைத் தூக்கிப் பாருங்கள், இருள் மரம் என்றால் கனத்தில் கையைக் கீழே இழுக்கும். ஓரத்தில் வெளிர்நிறப் பட்டை தெரிந்தால் அந்த அகலத்தைக் கணக்கில் கழித்துவிடுங்கள், பூச்சி முதலில் வாய் வைப்பது அங்கேதான். பழைய கழுந்துக்கு (இன்னொரு கட்டையில் செருகும் முனை) தோண்டிய துளைகளும் அப்படித்தான். ஆறடிக் கட்டையில் நடுவே இரண்டு துளை இருந்தால் அதை ஆறடி என்று நம்பி வாங்கக் கூடாது.

நான் எடுத்தது நாலங்குலம், மூன்றங்குலம், ஆறடி நீளம். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில், நீளத்தை அடியில் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வரும். 4 x 3 x 6 என்றால் 72, அதாவது அரை கன அடி. தேக்கு கன அடிக்கு ஏறக்குறைய 18 கிலோ என்று வைத்துக்கொண்டால் இது 9 கிலோ. தூக்கிவிடலாம். ஆறடியை ரயிலில் எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

கடைக்காரர் கைகாட்டிய பட்டறைக்குப் போனேன். கீற்றுக் கொட்டகை, இழைத்த சுருள் கணுக்கால் வரை. பெரியவர் தரையில் உட்கார்ந்து கட்டையைக் கால் பெருவிரலால் பிடித்தபடி வேலை செய்துகொண்டிருந்தார். (முயன்று பார்த்தேன், இரண்டே நிமிஷத்தில் இடுப்பு போய்விட்டது. நம்மைப் போன்றவர்களுக்கு மணிக்கட்டு உயரத்தில் ஒரு மேஜைதான் சரி.) கட்டையை இரண்டாக அறுத்துக் கொடுத்துவிட்டு, என் உளியைக் கேட்டு வாங்கிக் கட்டை நுனியில் ஒரு தள்ளு தள்ளினார்.

"இது செதுக்காது தம்பி, கடிக்கும்."

"போன வாரம்தான் தீட்டினேன் அய்யா."

உளியைத் திருப்பி அதன் தட்டையான முதுகைக் காட்டினார். நான் தீட்டியதெல்லாம் சாய்வுப் பக்கம் மட்டும். முதுகில் கடையில் வாங்கியபோது இருந்த கோடுகள் அப்படியே இருந்தன. முதுகைக் கல்லில் படுக்கவைத்து, நுனியை ஒட்டிய ஓரங்குலம் கண்ணாடிபோல் ஆகும் வரை தேய்த்தார். அதற்கே முக்கால் மணி நேரம். அப்புறம் சாய்வுப் பக்கத்தைத் தேய்த்தார், விரலில் தட்டுப்படும் பிசிறு வரும் வரை. பிறகு முதுகை மறுபடி படுக்கவைத்து அந்தப் பிசிறை எடுத்தார். கட்டை நுனியில் வைத்துத் தள்ளியதும் வெண்ணெய்போல் ஒரு சுருள் எழுந்தது. முதுகை ஒருமுறை சமன்செய்தால் போதுமாம், அதற்குப் பிறகு தீட்டுவது ஐந்து நிமிஷ வேலை. ஆறு உளி செட்டு வாங்கும் காசுக்கு இரண்டு உளியும் இரண்டு கல்லும் வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது. தேக்கில் மணல்சத்து உண்டு, உளியின் கூர்மையைச் சீக்கிரமே தின்றுவிடும். கல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மறுநாள் விடியற்காலைப் பல்லவனில் மூன்றடித் துண்டுகள் இரண்டும் தலைக்கு மேல் பரணில் வந்தன. பக்கத்து சீட்டுக்காரர் செங்கல்பட்டு வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் முதல் இழைப்பிலேயே "டக்" என்றது. தலை முறிந்த பழைய ஆணி ஒன்று உள்ளே இருந்திருக்கிறது. இழைப்புளி அலகில் அரிசி அளவு பல் விழுந்துவிட்டது. கறுப்பு வட்டம் தெரியும் இடத்திலெல்லாம் இரும்பைத் தேட வேண்டும் என்பதை அப்புறம்தான் கற்றேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டிக் கட்டை மேல் நகர்த்தினால் ஆணி இருக்கும் இடத்தில் இழுக்கும். ஆணிக் கட்டையை மரம் அறுக்கும் மில்லில் தொடக்கூட மாட்டார்கள், வாள் போய்விடும். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகு ஒரு துண்டை மட்டும் அறுக்கக் கொடுத்தேன். மூன்றங்குலக் கனத்தில் முக்காலங்குலப் பலகை நாலு வரும் என்பது என் கணக்கு. வாள் தின்றதும் இழைப்புளி தின்றதும் போக மூன்றுதான் வந்தது.

ஒட்டும்போது ஒரு சங்கதி. தேக்கின் எண்ணெய், பசையைப் பிடிக்கவிடாது. இழைத்த அன்றே ஒட்டிவிடுங்கள். உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் கட்டாயம், தேக்குத் தூள் எனக்கு ஒரு வாரம் தும்மலைக் கொடுத்தது.

பெட்டி முடிந்துவிட்டது. மூடி இன்னும் அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) தூக்கித்தான் நிற்கிறது. அறுக்காத துண்டு பால்கனியில் கிடக்கிறது. அதன் மேல் வீட்டில் துளசித் தொட்டியை வைத்துவிட்டார்கள். ஈரம் இறங்கும் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?