பன்னிரண்டடி அலுமினியப் படகு: பிரித்துப் பார்த்த பிறகு போட்ட திட்டம்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். ஒரு பக்கம் சிலாங்கூர் ஆறும், மறுபக்கம் 1985-இல் ஈய விலை சரிந்த பிறகு மெல்ல மெல்லக் கைவிடப்பட்ட சுரங்கக் குட்டைகளும் இருப்பதால், தோமான் என்ற பெரிய விரால் வகை மீனைப் பிடிக்க ஆசைப்படுபவருக்கு இங்கே ஒரு சிறு படகு ஆடம்பரமில்லை. எனக்குக் கிடைத்தது ஏறக்குறைய பன்னிரண்டு அடி நீளமுள்ள, ரிவெட்டு அடித்த, திறந்த அலுமினியப் படகு. தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவருடைய உரக் கொட்டகையில் அது பல ஆண்டுகளாகக் கிடந்தது. “எடுத்துட்டுப் போங்க தம்பி, எறும்புதான் அதுல குடியிருக்கு” என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். பெயிண்டும் பலகையும் வாங்கக் கிளம்புவதற்கு முன்பு, படகு எந்த நிலையில் இருக்கிறது என்பதை முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். இந்தக் குறிப்பு அந்தச் சோதனைகளையும் அவற்றிலிருந்து பிறந்த திட்டத்தையும் பற்றியது.

முதலில் கவலை தந்தது, உர மூட்டைகள் அடுக்கியிருந்த இடம். செம்பனைக்கு இடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான். அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகவே படியும் மெல்லிய ஆக்சைடு படலம்; குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே உடைத்து, தகடு முழுவதும் சீராகத் தேயாமல் புள்ளிப் புள்ளியாகக் குழி விழும்படி செய்துவிடும். கொட்டகைக் கூரை ஒழுகியிருக்கிறது. சிந்திய உரம் ஈரத்தோடு சேர்ந்து தகட்டிலேயே ஒட்டிக் கிடந்திருக்கிறது. வெள்ளைத் தூளை நைலான் தூரிகையால் தேய்த்து எடுத்தபோது நடு இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் இடையில் நிறையக் குழிகள் தெரிந்தன. சாதாரண இரும்புக் கம்பித் தூரிகையை இந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து துருப்பிடித்து, புதிய அரிப்புக்கு வழிவிடும். குழிகளை ஊசியால் குத்திப் பார்த்த பிறகு, இருட்டியதும் படகைக் கவிழ்த்து வைத்து உள்ளே பிரகாசமான கைவிளக்கைச் செலுத்தி, வெளியிலிருந்து கவனித்தேன். இரண்டு இடங்களில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு ஒளி கசிந்தது. அந்த இரண்டுக்கும் ஒரே வகை அலுமினியத்தில் ஒட்டுத் தகடு வைக்க வேண்டும். மற்றக் குழிகளைச் சுத்தம் செய்து எபோக்சியால் (கலந்து பூசினால் இறுகும் பிசினால்) நிரப்பினால் போதும். அதற்கு முன்பு உப்பு முழுவதும் போகும்வரை நல்ல நீரில் பல முறை கழுவியாக வேண்டும். உப்பின் மேல் எபோக்சி பூசுவது நோயை உள்ளே வைத்துத் தைப்பதற்குச் சமம்.

அடுத்தது நீர்ச் சோதனை. ஒழுக்கைக் கண்டுபிடிக்கப் படகை ஆற்றில் இறக்கத் தேவையில்லை; படகுக்குள் நீரை நிரப்பி, வெளியே எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பதே எளிது. ஆனால் எடையைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். அடிப்பரப்பு ஏறக்குறைய 3 சதுர மீட்டர் என்று வைத்தால் 10 சென்டிமீட்டர் உயர நீர் 300 கிலோ ஆகிறது. நீரில் மிதக்கும்போது அந்தச் சுமையை வெளிநீர் தாங்கும். நிலத்தில் இரண்டு கட்டைகள் மேல் வைத்தால் தகடு வளைந்துவிடும். அதனால் கீலின் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பின்) முழு நீளத்துக்கும் மரச்சட்டம் கொடுத்து, இருபுறமும் பழைய டயர்களை முட்டுக் கொடுத்தேன். குழாய் நீருக்கு வேலையே இல்லாமல் போனது. மாலை மழையே படகை நிரப்பிக் கொடுத்தது. மழை நின்றதும் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு, சொட்டும் ஒவ்வொரு இடத்தையும் மெழுகு சாக்கால் வட்டமிட்டேன். ஒழுகியவற்றில் பெரும்பாலானவை கீலை ஒட்டிய ரிவெட்டுகளும் நடு இருக்கையின் காலடியில் உள்ள ரிவெட்டுகளுமே. படகு அலையில் முறுகும்போது அதிகம் அசைவது அந்த இடங்கள்தாம் என்பதால் இது வியப்பளிக்கவில்லை.

இந்த ரிவெட்டுகளை வெல்டிங் செய்து அடைத்துவிடலாமே என்று பலரும் சொன்னார்கள். அலுமினியப் பட்டறை வைத்திருக்கும் மாமா ஒருவரிடம் கேட்டபோது, “காசு வாங்கிட்டுச் செஞ்சு தருவேன், ஆனா ஒங்க படகுக்கு அது நல்லதில்ல” என்றார். விளிம்பில் அளந்தபோது தகடு ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர்தான் இருந்தது. இத்தகைய தகடுகள் குளிர்நிலையில் உருட்டி வலுவேற்றப்பட்டவை. வெல்டிங் சூடு பட்ட இடம் அந்த வலுவை இழந்து மென்மையாகிவிடும், பிறகு பற்றவைத்த இடத்துக்கு அருகிலேயே வெடிப்பு விடும். மேலும் அலுமினியம் இரும்பைப் போல் சிவந்து எச்சரிக்கை கொடுப்பதில்லை. 660 டிகிரியை நெருங்கும்போது சட்டென்று உருகி ஓட்டையாகிவிடும். ஆகவே தளர்ந்த ரிவெட்டுகளை மறுபடி இறுக்குவதே திட்டம். ஒருவர் வெளியே ரிவெட்டின் தலைமேல் கனமான இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளிருந்து சுத்தியலால் அளவாகத் தட்ட வேண்டும். துளை நீள்வட்டமாகிவிட்ட இடங்களில் ரிவெட்டைத் துளையிட்டு எடுத்து, அடுத்த அளவு ரிவெட்டைப் பாலியூரித்தேன் பசையில் தோய்த்து அடிக்க வேண்டும். இருக்கைப் பெட்டியின் அடியில் கட்டையோ சுத்தியலோ நுழையாத இடங்களுக்கு மட்டும் ஒரு பக்கமிருந்தே இறுக்கக்கூடிய, முனை மூடிய பாப் ரிவெட்டு. கடையில் எளிதாகக் கிடைக்கும் திறந்த முனை ரிவெட்டின் நடுவே நீர் கசியும் என்பதால் அது படகின் அடிப்பகுதிக்கு ஆகாது.

எஞ்சின் மாட்டும் பின்பலகைதான் இந்தப் படகின் பெரிய வேலை. விளிம்பில் ஸ்குரூடிரைவரால் அழுத்தியபோது கைப்பிடி வரை உள்ளே போனது. உதிர்வதற்கு முன்பே அதன் வடிவத்தை அட்டையில் வரைந்து எடுத்துக்கொண்டேன். உயரம் 15 அங்குலம், அதாவது 38 சென்டிமீட்டர். குட்டைத் தண்டு எஞ்சினுக்கு உரிய அளவு. புதுப்பலகையும் இதே உயரத்தில் இருந்தால்தான் விசிறி சரியான ஆழத்தில் நிற்கும். எந்த மரம் என்பதில் ஊரே ஆலோசனை சொன்னது. ரப்பர் மரப்பலகை மலிவு. ஆனால் அது பூஞ்சைக்கும் வண்டுக்கும் மிக எளிதில் இரையாகும் மரம், வீட்டுக்குள் நாற்காலியாக இருக்க வேண்டியது. செங்கால் மரம் பல தலைமுறைக்கு நிற்கும் என்பது உண்மை. ஆயினும் அது மிகக் கனமானது, எஞ்சினும் ஆளும் ஏற்கெனவே பின்பக்கம் இருக்கும்போது அங்கே மேலும் எடை ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. மருந்தேற்றிய மரத்தை நான் உறுதியாக ஒதுக்கினேன்; மரம் மக்காமலிருக்க ஏற்றும் தாமிர உப்பு, ஈரத்தில் அலுமினியத்தைத் தொட்டால் தகட்டைத் தின்றுவிடும். இறுதியில் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் இரண்டை எபோக்சியால் ஒட்டி 36 மில்லிமீட்டர் ஆக்குவது என்று தீர்மானித்தேன். துளைகளை முதலில் பெரிதாகப் போட்டு எபோக்சியால் நிரப்பி, அது இறுகிய பிறகு அதன் நடுவே சரியான அளவுக்குத் துளையிட்டால், போல்ட்டு வழியாக நீர் புகுந்தாலும் மரத்தைத் தொடாது. பழைய பலகை போனது விளிம்பாலும் துளையாலும்தான்; முகப்பு இன்னும் திடமாகவே இருந்தது.

இருக்கைக்குள் இருந்த நுரைக்கட்டியில் ஒன்றைப் பிரித்தேன். நீர் குடித்துக் கனத்துப் போயிருந்தது, எறும்புப் புற்றும் உள்ளே இருந்தது. அத்தனையையும் மாற்ற வேண்டும். எவ்வளவு தேவை என்பது எளிய கணக்கு. படகுக்கூடு 60 கிலோ என்று வைத்தால், அலுமினியத்தின் அடர்த்தி 2.7 என்பதால், மூழ்கிய நிலையில் அது ஏறக்குறைய 38 கிலோவாகவே இழுக்கும். எஞ்சினுக்கு 25 கிலோ சேர்த்தாலும் மொத்தம் 63 தான். 100 லிட்டர் நுரை ஏறத்தாழ 97 கிலோவைத் தாங்கும் என்பதால், கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதப்பவர்களுக்கும் மிச்சம் இருக்கும். அழுத்தி வார்த்த பாலிஸ்டைரின் பலகை நீர் குடிக்காது, ஆனால் பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். அதனால் பெட்ரோல் டப்பாவின் இடம் முன்பக்கம் என்று மாற்றியிருக்கிறேன்.

தரைப்பலகை, கம்பளம், நின்று தூண்டில் வீசும் மேடை ஆகிய மூன்றும் இப்படகில் வராது. காணொளிகளில் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஈரக் கம்பளம் உர மூட்டை செய்த அதே வேலையைச் செய்யும், மேடை ஈர்ப்பு மையத்தை மேலே தூக்கிவிடும். ராஜா மூசா சதுப்புக் காட்டிலிருந்து வரும் கால்வாய்களின் நீர் தேநீர் நிறத்தில் அமிலத் தன்மையோடு இருப்பதையும் எண்ணிப் பார்த்தேன்; அலுமினியத்தின் படலம் பி.எச். ஏறக்குறைய 4 முதல் 8.5 வரை நிலைத்திருக்கும், அந்நீர் அந்த எல்லையின் ஓரத்திலேயே இருக்கிறது. உள்பக்கம் திறந்து கிடந்தால் ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவிடலாம்.

பெயிண்ட் வெளிப்பக்கம் மட்டும். தேய்த்த அலுமினியம் உடனே மறுபடி ஆக்சைடு கட்டத் தொடங்குவதால், தேய்த்த அன்றே எபோக்சி பிரைமர் பூச வேண்டும். மாலை மழையும் ஈரக்காற்றும் எபோக்சியின் மேல் பிசுபிசுப்பான படலத்தை விட்டுவிடும் என்பதால் வேலையை முற்பகலில் முடித்தாக வேண்டும். தாமிரம் கலந்த பாசித்தடுப்புப் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். படகு நீரில் தங்கப் போவதில்லை.

வேலை வரிசை இப்போது உறுதியாகிவிட்டது: கழுவுதல், ரிவெட்டு, ஒட்டுத் தகடு, மறுபடி நீர்ச் சோதனை, அதன் பிறகே பின்பலகையும் நுரையும், கடைசியில் பெயிண்ட். இரண்டாவது சோதனையில் ஒழுகினால் பலகைக்கான செலவைத் தள்ளிப்போடுவேன். கட்டையைப் பிடிக்க என் மச்சான் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பதிலுக்குப் படகைக் கறுப்பில் அடிக்க வேண்டுமாம். இந்த ஊர் வெயிலில் கறுப்புத் தகட்டில் யார் கை வைப்பது என்று கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.