ஐம்பதுக்கு ஐம்பது வந்துவிட்டால் போதுமா?

காலியம் நைட்ரைடில் ஒரு காலியம் அணுவுக்கு ஒரு நைட்ரஜன் அணு. நீல எல்ஈடி விளக்கின் உயிரே இந்தப் படிகம்தான், அதன் கணக்கில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அதே படிகத்தை ஆட்டம் ப்ரோப் கருவியில் வைத்து அணு அணுவாக எண்ணிப் பாருங்கள். ஒரு ரன்னில் நைட்ரஜன் 50 சதவீதம் வரும், இன்னொன்றில் 40-க்கும் கீழே போய்விடும். இடையில் நாம் மாற்றியது லேசரின் ஆற்றலை மட்டும்தான். என் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த வித்தியாசத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது.

கருவி செய்வது இதுதான். பொருளை ஊசியாகச் சீவுகிறோம், முனையின் ஆரம் 50 முதல் 100 நானோமீட்டர். அதை வெற்றிடத்தில் மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே குளிரவைத்து, சில ஆயிரம் வோல்ட் கொடுத்து முனையில் பலத்த மின்புலத்தை உண்டாக்கி, லேசரைத் துடிப்புத் துடிப்பாக அடிக்கிறோம். ஒவ்வொரு துடிப்பிலும் முனையிலிருந்து அணு கழன்று அயனியாகி டிடெக்டருக்குப் பறக்கும். பறக்க எடுத்த நேரத்தை வைத்து அது என்ன தனிமம் என்றும், விழுந்த இடத்தை வைத்து ஊசியில் எங்கே இருந்தது என்றும் சொல்லிவிடலாம். சென்னை ஐஐடியில் இதற்கென ஒரு தேசிய ஆய்வு வசதி 2018 முதல் இருக்கிறது. தரவு கைக்கு வந்த பிறகு வேலை முழுக்க லேப்டாப்பில்தான். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையே எனக்குப் போதும்.

குறுவை அறுப்பு நேரம். கொள்முதல் நிலையத்திலிருந்து திரும்பிய பெரியப்பா, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "ஏம்மா, பாதி அணு டிடெக்டர்ல சிக்கறதே இல்லங்கிற. அப்புறம் கணக்கு எப்படிச் சரியா வரும்?"

நல்ல கேள்வி. நான் பயன்படுத்தும் வகைக் கருவியில் நூற்றுக்கு 52 அயனிதான் பதிவாகும்.

"அது பரவால்ல பெரியப்பா. மூட்டையில குத்தூசி விட்டு ஒரு பிடி எடுத்துத்தானே ஈரப்பதம் 17-க்குள்ள இருக்கான்னு பாக்குறாங்க? நெல்லு ஒரே சீரா இருந்தா ஒரு பிடி போதும்ல?"

"போதும். ஆனா மேல ஒண்ணு, அடியில ஒண்ணுன்னு இருந்தா?"

அங்கேதான் வினையே. எல்லாத் தனிமமும் ஒரே விகிதத்தில் தொலைந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் கூடுதலாகத் தொலைந்தால், பத்து லட்சம் அயனி எண்ணினாலும் பிரயோஜனம் கிடையாது. பத்து லட்சத்துக்குப் புள்ளியியல் பிழை வெறும் 0.05 சதவீதம். அந்தச் சின்ன எண்ணைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

நைட்ரஜன் தொலைவது இப்படி. லேசர் ஆற்றலைக் கூட்டினால் அணுவைக் கழற்றக் குறைந்த மின்புலமே போதும். அப்படி மின்புலம் குறைவாக இருக்கும்போது, இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மேற்பரப்பிலேயே சேர்ந்து, மின்னூட்டம் இல்லாத மூலக்கூறாகக் கிளம்பிவிடும். மின்னூட்டம் இல்லையென்றால் அதை டிடெக்டருக்குத் தள்ள ஆளில்லை. சரி, மின்புலத்தைக் கூட்டலாமே என்றால், இப்போது காலியம் துடிப்புக்குக் காத்திருக்காமல் நடுவிலேயே கழன்றுவிடுகிறது. கிளம்பிய நேரம் தெரியாததால் அது பின்னணி இரைச்சலில் கலந்துபோகும்.

ஆக ஓட்டை இரண்டு. இரண்டும் ஒரே அளவில் ஒழுகினால் விடை அழகாக 50 என்று வந்து நிற்கும். அந்த ஐம்பதைப் பார்த்து 'அளவீடு சரி' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கூடவே அலுமினியம் இருந்தால் சிக்கல் இன்னும் பச்சையாகத் தெரியும். அதிக மின்புலத்தில் காலியம் நழுவுவதால் அலுமினியத்தின் பங்கு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். நைட்ரஜன் சரியாக வரும் இடத்தில் அலுமினியம் தப்பு, அலுமினியம் சரியாக வரும் இடத்தில் நைட்ரஜன் தப்பு!

மின்புலத்தை நேரடியாக அளக்க வழியில்லை. நிறை நிறமாலையைத்தான் கேட்க வேண்டும், அதாவது அயனியின் நிறையை மின்னூட்டத்தால் வகுத்து, எந்த எண்ணில் எத்தனை அயனி விழுந்தது என்று காட்டும் வரைபடத்தை. காலியத்தில் நிறை 69, 71 என இரண்டு வகை உண்டு. அதனால் ஒற்றை மின்னூட்டக் காலியம் 69-இலும் 71-இலும் முகடு காட்டும், இரட்டை மின்னூட்டம் 34.5-இலும் 35.5-இலும். இரண்டின் விகிதத்துக்கும் மின்புலத்துக்கும் உள்ள உறவை இயற்பியலாளர் கிங்ஹாம் 1982-இல் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறார். லேசர் திருகில் வைத்த எண்ணைவிட இந்த விகிதத்தைத்தான் நான் நம்புவேன். ஊசிக்கு ஊசி வடிவம் மாறும். ஒரே ஊசியிலும் லேசர் படும் பக்கம் மழுங்கி, அங்கே மின்புலம் குறைந்துவிடும். அதனால் டிடெக்டர் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் தனியாக விகிதம் போடுகிறேன். அலுப்பான வேலைதான், ஆனால் முழு ஊசிக்கும் ஒரே சராசரி போட்டால் இது எதுவுமே கண்ணில் படாது.

அதே வரைபடத்தில் 14-இல் இன்னொரு தொல்லை. ஒற்றை நைட்ரஜன் அயனியும், இரட்டை மின்னூட்டம் பெற்ற நைட்ரஜன் மூலக்கூறும் அதே இடத்தில் வந்து விழும். ஒன்றுக்கு ஒரு அணு, மற்றதற்கு இரண்டு. பிரித்துப் பார்க்க 14.5-இல் ஒரு குட்டி முகடு உதவும், நைட்ரஜன்-15 என்ற சற்றுக் கனமான வகை கலந்த மூலக்கூறு அங்கேதான் வரும். ஆனால் அதன் அளவு பெரிய முகட்டின் 1 சதவீதம்கூட இருக்காது. பக்கத்து முகட்டின் வால் நீண்டால் அதுவும் மூழ்கிவிடும்.

இயற்பியலாளர் முல்லரும் அவரோடு வேலை செய்த நம் நாட்டு கன்வர் பகதூரும் 1955-இல் முதன்முதலில் அணுக்களைத் தனித்தனியாகப் பார்த்தது டங்ஸ்டன் ஊசியில். ஒரே தனிமம், இந்தப் பங்குத் தகராறுக்கு அங்கே வேலையே இல்லை. சேர்மங்களுக்கு வரும்போது, சதவீதத்துக்குப் பக்கத்திலேயே மின்னூட்ட விகிதத்தையும் அச்சிட வேண்டும் என்று ஆய்விதழ்கள் கட்டாயமாக்க வேண்டும். அது இல்லாத அட்டவணையை வைத்து இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிட வழியே கிடையாது.

அடுத்த ரன்னில் ஒரே ஊசியில் லேசர் ஆற்றலைப் படிப்படியாக இறக்கப்போகிறேன், ஒவ்வொரு படியிலும் சில லட்சம் அயனிகள். கடைசியில் முதல் ஆற்றலுக்கே திரும்பிவந்து, பழைய விகிதம் மறுபடி கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.