முதலில் பேனா, பிறகு இன்ஜின்: சொந்த ஆட்டத்துக்குக் குறிப்பெழுதுதல்

கிளப்பில் சதுரங்க ஆட்டம் முடிந்து கைகுலுக்கியதும் பலர் செய்வது ஒன்றுதான். நகர்த்தல்களைக் கைபேசியில் ஏற்றி, இன்ஜின், அதாவது நகர்த்தல்களை மதிப்பிடும் கணினி நிரல், எங்கே சிவப்புக் குறி போடுகிறது என்று பார்க்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். எந்த இடத்தில் ஆட்டம் கவிழ்ந்தது என்று தெரிந்துவிடும். அடுத்த வாரம் அதே மாதிரி இன்னோர் ஆட்டம் கவிழும். இன்ஜின் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அது பார்த்தது நகர்த்தலை மட்டுமே. அந்த நகர்த்தலை ஆட வைத்த எண்ணம் அதற்குத் தெரியாது. அந்த எண்ணம் உங்களைத் தவிர வேறு யாரிடமும் இல்லை. உங்களிடமும் அது அதிக நாள் தங்காது.

அதனால்தான் ஆடிய அன்றே, முடியாவிட்டால் மறுநாளுக்குள், இன்ஜினைத் திறக்காமல் முதல் குறிப்பை எழுதிவிட வேண்டும் என்கிறேன். ஒரு வாரம் கழித்து எழுத உட்கார்ந்தால், அன்று நினைத்தது நினைவுக்கு வராது. நினைத்திருக்க வேண்டியதுதான் வரும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் பயன் முதலாவதில் மட்டுமே.

ஆட்டத்தின் நடுவிலேயே எழுதிவைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கூடாது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, நகர்த்தல்களைப் பதியும் ஸ்கோர் ஷீட்டில் நகர்த்தல்கள், கடிகார நேரம், டிரா கேட்ட இடம், முறையீடு தொடர்பான விவரங்கள் போன்றவற்றை மட்டுமே எழுதலாம். 2015 அமெரிக்க சாம்பியன்ஷிப்பின் 9ஆம் சுற்றில் வருஷான் அகோபியனுக்கு எதிராக ஆடிய கிராண்ட்மாஸ்டர் வெஸ்லி சோ, தனித்தாளில் தனக்குத்தானே குறிப்பெழுதிக்கொண்டதற்காக அந்த ஆட்டத்தையே இழந்தார். முன்பே எச்சரித்திருந்தார்கள். அவர் எழுதியது காய்களின் கணக்குகூட அல்ல, நிதானமாக யோசி என்கிற வகை வரிகள்தான். அத்தனை கண்டிப்பான விதியிலும் ஓர் அனுமதி இருப்பதைக் கவனியுங்கள்: கடிகார நேரத்தை எழுதலாம். நகர்த்தலுக்குப் பக்கத்தில் மீதமுள்ள நிமிடங்களைக் குறித்துவையுங்கள். பிறகு குறிப்பெழுதும்போது அதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது.

சரி, முதல் குறிப்பில் எழுத வேண்டியது என்ன? நினைத்ததை நினைத்தபடியே. இது சொல்வதற்கு எளிது. பேனாவைப் பிடித்தவுடன் நம் எல்லோருக்குள்ளும் இருக்கும் கிராண்ட்மாஸ்டர் விழித்துக்கொள்கிறார். 'யானை டி1: பாதி திறந்த வரிசையைப் பிடித்து, கறுப்பின் டி6 சிப்பாய்க்கு அழுத்தம் தருகிறது' என்று எழுதுகிறோம் (டி1, டி6 என்பவை கட்டங்களின் பெயர்கள்: எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை). உண்மையில் என்ன நடந்தது? வேறு எதுவும் தோன்றவில்லை, யானை சும்மா இருக்கிறதே என்று எடுத்து வைத்தோம். அப்படியானால் 'வேறு எதுவும் தோன்றவில்லை' என்றே எழுதுங்கள். வாசிக்க அசடாக இருக்கும், பரவாயில்லை. ஐந்தாறு ஆட்டங்களின் குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, இந்த வரி எந்த வகை நிலைகளில் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும். எனக்கு அது எப்போதும் நடு மையத்தில் சிப்பாய்கள் பூட்டிக்கொண்ட நிலைகளில்தான் வந்தது. எந்தப் பயிற்சி நூலும் இதை எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

தொடக்க நகர்த்தல்களில் அதிக நேரம் செலவிட வேண்டாம். மனப்பாடமாக ஆடிய வரைக்கும் 'தெரிந்தது' என்று ஒரே சொல்லில் கடந்து போங்கள். மனப்பாடம் முடிந்து சொந்தமாக யோசிக்கத் தொடங்கிய நகர்த்தலுக்கு முன் மட்டும் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு அடுத்த மூன்று நான்கு நகர்த்தல்கள் எவ்வளவு தடுமாற்றமானவை என்பதே உங்கள் தொடக்கப் படிப்பு எங்கே போதவில்லை என்பதைக் காட்டும்.

எதிராளியின் நகர்த்தல்களுக்கும் குறிப்பு எழுத வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இத்தாலியன் என்று பெயர்பெற்ற தொடக்க நகர்த்தல் வரிசையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ஈ4, ஈ5, குதிரை எஃப்3, குதிரை சி6, மந்திரி சி4, மந்திரி சி5, சி3, குதிரை எஃப்6, டி3, டி6, வெள்ளை கேஸ்லிங் செய்கிறது (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது), கறுப்பு ஏ6 ஆடுகிறது. இந்த ஏ6க்கு நான் எழுதிய முதல் குறிப்பு: 'ஒரு நகர்த்தலை வீணாக்கினார்.' ஆட்டத்துக்குப் பின் அவரிடமே கேட்டேன். இரண்டு காரணம் சொன்னார். பி4 என்று சிப்பாய் ஏறி வந்தால் சி5 மந்திரி ஏ7க்குப் போய் ஒதுங்கலாம். அத்துடன், குதிரையை ஏ5க்குக் கொண்டுபோய் என் சி4 மந்திரியைத் துரத்தினால், அது இனிமேல் பி5க்குத் தப்ப முடியாது. இந்த இரண்டாவது காரணத்தை நான் பலகையில் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் மந்திரியை முன்கூட்டியே பி3க்கு நகர்த்தியிருப்பேன். அப்போது குதிரை வந்தாலும் சி2க்குப் போய்விடலாம். எதிராளி வீணாக ஆடினார் என்று எழுதத் தோன்றும் இடங்களில் எல்லாம் ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள். பாதி இடங்களில் காரணம் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் எதிராளியிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம், தோற்றவர்கூடப் பெரும்பாலும் விருப்பத்தோடு சொல்வார்.

இனி நான் மிக முக்கியமென்று நினைப்பது. குறிப்பெழுதுவதன் பெரிய லாபம் தவறான நகர்த்தல்களில் இல்லை. தவறான நகர்த்தலை இன்ஜினும் சொல்லும், எதிராளியும் சொல்வார். சரியான நகர்த்தலைத் தவறான காரணத்துக்காக ஆடிய இடங்கள்தான் புதையல். அவற்றை யாரும் சுட்டிக்காட்ட மாட்டார்கள்.

ஓர் இறுதி ஆட்டத்தில் எனக்கு, அதாவது வெள்ளைக்கு, எஃப்3இல் ராஜா, ஹெச்4இல் யானை, ஈ2இல் ஒரு சிப்பாய். கறுப்புக்கு எஃப்7இல் ராஜா, ஈ8இல் யானை. யானையை ஈ4இல் வைத்து மாற்றிக்கொள்ள அழைத்தேன். அவர் வெட்டினார், நான் ராஜாவால் வெட்டினேன், அவருடைய ராஜா ஈ6க்கு வந்து நேரெதிரே நின்றது. நான் சிப்பாயை ஈ3க்கு ஒரு கட்டம் நகர்த்தினேன். இப்போது கறுப்பு ராஜா விலகியே தீர வேண்டும். டி6க்குப் போனால் என் ராஜா எஃப்5க்கு, எஃப்6க்குப் போனால் டி5க்கு. அதன்பின் சிப்பாய் ராணியாவதைத் தடுக்க முடியாது. வென்றேன். யானை மாற்றத்துக்கு நான் எழுதிய குறிப்பு: 'ஒரு சிப்பாய் அதிகம். காய்களை மாற்றினால் ஜெயம்.'

இரண்டாம் முறை வாசிக்கும்போது அந்தக் குறிப்பை அப்படியே நம்பலாமா என்று சோதித்தேன். அதே நிலை, சிப்பாய் மட்டும் ஈ2க்குப் பதில் ஈ3இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யானைகள் வெட்டுப்படுகின்றன, என் ராஜா ஈ4இல், அவருடையது ஈ6இல், ஆட வேண்டியது நான். சிப்பாயை நகர்த்த முடியாது, முன்னால் என் ராஜாவே நிற்கிறது. ஆகவே ராஜா விலகியாக வேண்டும். டி4 என்றால் அவர் டி6, எஃப்4 என்றால் எஃப்6. டிரா. ஒரு சிப்பாய் அதிகம் என்பது இரண்டு நிலைகளிலும் உண்மை. வெற்றியைத் தீர்மானித்தது அதுவல்ல, ஆப்பொசிஷனை, அதாவது நேரெதிரே நிற்கும் ராஜாக்களில் எதிராளியுடையதை விலக வைக்கும் சாதகத்தை, எதிராளியிடமிருந்து பறிக்கக் கைவசம் இருந்த ஒரே ஓர் உபரி நகர்த்தல். அந்தச் சிப்பாய் ஈ2இலேயே நின்றது என் திட்டமும் அல்ல. அதை நகர்த்த வேளை வாய்க்கவில்லை, அவ்வளவே.

இன்ஜின் இந்த யானை மாற்றத்துக்குப் பச்சைக் குறி போட்டிருக்கும். நானும் மகிழ்ச்சியாக அடுத்த ஆட்டத்துக்குப் போயிருப்பேன், 'காய்களை மாற்றினால் ஜெயம்' என்கிற அரைகுறை விதியைக் கையில் வைத்துக்கொண்டு. இப்போது சிப்பாய் இறுதி ஆட்டத்துக்குள் நுழைவதற்கு முன் உபரி நகர்த்தல்களை எண்ணாமல் கடைசி யானையை மாற்றுவதில்லை. இது ஒரு வென்ற ஆட்டத்தின் குறிப்பிலிருந்து கிடைத்தது என்பதால்தான் இத்தனை விரிவாகச் சொல்கிறேன். தோற்றவற்றுக்கு மட்டும் குறிப்பெழுதுபவர்கள் பாதிப் பாடத்தை விட்டுவிடுகிறார்கள்.

மறுபுறம், முடிவு தெரிந்த பிறகு எழுதுவதால் நம் கண் கோணலாகிவிடும் ஆபத்தும் உண்டு. வென்றவர் எல்லாமே திட்டப்படி நடந்தது போல எழுதுவார். தோற்றவர் கடைசிச் சறுக்கல்மீது மொத்தப் பழியையும் போட்டுவிட்டுத் தாளை மடித்துவிடுவார். முப்பதாவது நகர்த்தலில் குதிரையை இழந்ததால் தோற்றேன் என்று எழுதுவது எளிது. கடிகாரக் குறிப்பைப் பார்த்தால், பதினான்காவது நகர்த்தலில், இரண்டு நல்ல வழிகளில் எது என்று தீர்மானிக்க முடியாமல் இருபது நிமிடம் போயிருப்பது தெரியும். குதிரை போனது முப்பதில். அதற்கான நேரம் போனது பதினான்கில். ஒரு நகர்த்தலுக்கு அதிக நேரம் எடுத்த இடங்களில், அந்த நேரத்தில் என்னென்ன வழிகளைக் கணக்கிட்டீர்கள் என்பதை முழுவதும் எழுதுங்கள். ஒரே வழியை மூன்று தடவை கணக்கிட்டிருப்பீர்கள். அநேகமாக எல்லோரும் அப்படித்தான்.

இதற்குப் பிறகுதான் இன்ஜின். அதன் எண்ணில் 1 என்பது ஏறத்தாழ ஒரு சிப்பாய் அளவு சாதகம். பிளஸ் 6இலிருந்து பிளஸ் 4க்கு இறங்கிய நகர்த்தலைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. வென்றிருந்த நிலை இன்னும் வென்ற நிலைதான். பிளஸ் 0.3இலிருந்து மைனஸ் 1க்குச் சரிந்த இடத்தில் நிறுத்துங்கள். இன்ஜின் சொல்லும் சிறந்த நகர்த்தலைப் பிரதியெடுப்பது பயன் தராது. நீங்கள் ஆடிய நகர்த்தலையே பலகையில் வைத்து, அதற்கு எதிராக அது என்ன ஆடுகிறது என்று பாருங்கள். அந்தப் பதிலடி உங்கள் முதல் குறிப்பில் எங்காவது இருக்கிறதா? இருந்தால், பார்த்தும் தவறாக மதிப்பிட்டீர்கள். இல்லாவிட்டால், பார்க்கவே இல்லை. இரண்டுக்கும் வேண்டிய பயிற்சி வேறு. மதிப்பீடு பிசகியவர் நிலைகளைப் பற்றிப் படிக்க வேண்டும். பார்க்கத் தவறியவர் தந்திரப் புதிர்களைப் போட வேண்டும். இன்ஜினின் குறிப்புகளை வேறு நிற மையில் எழுதுவது நல்லது. இரண்டும் கலந்துவிட்டால், ஒரு மாதம் கழித்து எது உங்களுடைய யோசனை என்று உங்களுக்கே தெரியாது.

நல்ல நகர்த்தலுக்கு !, தவறுக்கு ?, பெருந்தவறுக்கு ??, ஐயத்துக்குரியதற்கு ?! என்கிற குறிகளை முதல் குறிப்பில் போடாதீர்கள். குறி போட்டதும் காரணம் எழுதியாகிவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது. சொந்த நகர்த்தலுக்கு, மிக அருமை என்று, !! போடும் ஆசை வந்தால் மறுநாள் வரை பொறுங்கள்.

எவ்வளவு ஆட்டங்களுக்கு இப்படி எழுதலாம்? சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் ஆட்டங்களுக்கு வேண்டவே வேண்டாம். யோசிக்க நேரமே இல்லாத ஆட்டத்தில் பதிவு செய்ய எண்ணம் ஏது? நிதான ஆட்டங்களில் மாதத்துக்கு ஒன்றிரண்டு எழுதினாலே அதிகம். ஓர் ஆட்டத்துக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போய்விடும், அதைச் சுருக்க வழியில்லை.

எழுதி முடித்ததை இன்னொருவருக்குக் காட்டுங்கள். 1948இல் உலகச் சாம்பியனான மிகயீல் போட்வின்னிக், ஆட்டக்காரர்கள் தங்கள் ஆய்வுகளை வெளியிட்டுப் பிறர் விமர்சனத்துக்கு உள்ளாக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். நமக்கு வெளியீடு எதுவும் தேவையில்லை. கிளப்பில் நம்மைவிடச் சற்று வலுவாக ஆடும் ஒருவர் போதும். மிகவும் வலுவானவரிடம் போனால், அவர் உங்கள் குறிப்பைப் படிக்காமல் தானே நல்ல வழியைக் காட்டத் தொடங்கிவிடுவார், அது இன்ஜினைக் கேட்பதுபோல ஆகிவிடும். கொடுக்கும்போது ஆட்டத்தின் முடிவை மேலே எழுதாமல், கடைசி சில நகர்த்தல்களையும் மறைத்துக் கொடுங்கள். யார் வென்றார் என்று தெரியாமல் படிப்பவர்தான், 'இந்த இடத்தில் நீ ஏன் இவ்வளவு நம்பிக்கையாக எழுதியிருக்கிறாய்?' என்று கேட்பார்.