கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம்

டீச்சர் முதல் தடவை என் ஆலோசனை அறைக்கு வந்தபோது கையில் ஒரு கோடு போட்ட நோட்டும் ஒரு கேசட்டும் கொண்டுவந்திருந்தார். நாடி ஜோதிடம் பார்த்தபோது கொடுத்தவை. அதில் முன்பிறவிப் பாவத்தையும் பரிகாரத்தையும் சொல்லும் பதின்மூன்றாவது பகுதியான சாந்தி காண்டத்தையும் கேட்டிருக்கிறார். போன பிறவியில் தண்ணீரில் ஓர் உயிர் போவதற்கு அவர் காரணமாக இருந்தார் என்று வந்ததாம். சொன்ன பரிகாரங்களை ஒன்று விடாமல் செய்து முடித்துவிட்டார். பாலத்தைக் கடக்கும் பயம் போகவில்லை. இத்தனை நாளும் வெறும் பயமாக இருந்ததோடு இப்போது குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது.

"பரிகாரம் பண்ணியும் போகலைன்னா, அவ்வளவு பெரிய பாவமா மேடம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரை எடுத்துக்கொண்டேன். (அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவருக்குக் கொள்ளிடம் பாலத்தைத் தாண்ட முடியாது. ஸ்ரீரங்கத்தில் வீடு, ஸ்ரீரங்கத்திலேயே அரசுப் பள்ளியில் வேலை. ஊர் இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கும் தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். காவிரிப் பாலத்தை பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடுவார். கொள்ளிடம் என்றால் உடம்பு ஒத்துழைக்காது. உள்ளங்கை நனையும், நெஞ்சு அடைக்கும், கால் மரத்துப்போகும். 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண் சரிந்து உடைந்ததை டி.வி.யில் பார்த்தபிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். ஆற்றுக்கு அக்கரையில், லால்குடி பக்கம் இரண்டு முறை பதவி உயர்வு வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இவரிடம் பாடம் கற்ற ஜூனியர் ஒருவர் தலைமை ஆசிரியராகிவிட்டார். "வேலைல மட்டும் இல்ல மேடம், சாமி கும்பிட உட்கார்ந்தாக்கூட கொஞ்ச நேரத்துல அந்தப் பாலம்தான் வந்து நிக்குது. எதுலயும் ஒரு அடி முன்னால போக முடியல" என்றார்.

திருச்சியில் ஆலோசகராகப் பதினாறு வருடம் ஆகிறது. 'முன்ஜென்மம் பார்த்துச் சொல்லுங்கள்' என்று வருகிறவர்கள் எனக்குப் புதிதல்ல. ஹிப்னாடிசத்தில் ஆழ்த்தி முன்பிறவிக்குக் கூட்டிப்போகும் முறைக்கு நானும் ஒரு வாரப் பயிற்சி எடுத்திருக்கிறேன். தொடங்கிய காலத்தில் கற்றுக்கொடுத்தபடியே செய்தேன். கண்ணை மூடச் சொல்வேன், மனதுக்குள் படிக்கட்டில் இறங்கச் சொல்வேன், கீழே ஒரு கதவைத் திறக்கச் சொல்வேன். அப்புறம் கேள்விகள்: 'எந்த ஊர்? என்ன வருஷம்? எதிரே நிற்பவர் இந்தப் பிறவியில் உங்களுக்கு யார்?'

அந்தக் கடைசிக் கேள்வியால் ஒரு குடும்பத்துக்குக் கெடுதல் செய்திருக்கிறேன். மேலதிகாரி முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று ஒருவர் வந்தார். ஒரு காட்சியில் யாரோ அவரைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள். அது யார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "என் வீட்டுக்காரி மாதிரி இருக்கு" என்றார். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக எனக்கே ஓர் உற்சாகம். மூன்று வாரம் கழித்து அவர் மனைவி தனியாக வந்து என் எதிரே உட்கார்ந்து அழுதார். "போன ஜென்மத்துல நீ என்ன பண்ணினேன்னு எனக்குத் தெரியும்னு சொல்றாரு. நான் என்ன பண்ணினேன் மேடம்?" அதைச் சரிசெய்ய இரண்டு பேரையும் உட்காரவைத்து ஏழு மாதம் பேச வேண்டியிருந்தது. என் தொழிலில் இன்றைக்கும் என் நெஞ்சை அறுக்கும் தவறு அது.

அதன்பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். 1952-ல் அமெரிக்காவின் கொலராடோவில் வர்ஜீனியா டை என்ற பெண் ஹிப்னாடிச நிலையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்தில் பிரைடி மர்ஃபி என்ற பெயரில் வாழ்ந்ததாகச் சொன்னார். நாடே பரபரத்தது. சிறுவயதில் சிகாகோவில் அவர் வீட்டுக்கு எதிரே அயர்லாந்து வம்சாவளியைச் சேர்ந்த, திருமணத்துக்கு முன் அதே மர்ஃபி குடும்பப் பெயர் கொண்ட ஒரு பெண் குடியிருந்ததைப் பத்திரிகைக்காரர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள். அந்தப் பெண் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. குழந்தையாக இருக்கும்போது காதில் விழுந்தவை உள்ளே கிடந்திருக்கும். கேட்டதும் கதையாக எழுந்து வந்திருக்கும். கனடாவில் நிக்கோலஸ் ஸ்பானோஸ் செய்த சோதனைகளும் இதையே காட்டின. ஹிப்னாடிசத்துக்கு முன்னால் என்ன எதிர்பார்க்க வைக்கிறோமோ, அதற்கேற்றபடியே முன்பிறவிக் காட்சிகளும் வந்தன.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் இயன் ஸ்டீவன்சன். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர். முன்பிறவி நினைவு இருப்பதாகச் சொன்ன குழந்தைகளைத் தேடி இந்தியா, இலங்கை, லெபனான் என்று பல நாடுகளுக்குப் போனவர். மறுபிறவியை ஆராய்வதற்கே வாழ்க்கையைக் கொடுத்த அவரே, ஹிப்னாடிசத்தில் கிடைக்கும் முன்பிறவிக் கதைகளைப் பெரும்பாலும் நம்பவில்லை. அப்படியிருக்க, ஒரு வாரம் பயிற்சி எடுத்த நான் யார்?

மறுபிறவியில் எனக்கு நம்பிக்கை உண்டு. வீட்டில் ஊறியது. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வினையை மூன்றாகப் பிரிப்பதைத் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொல்லக் கேட்டு வளர்ந்தவள். சேர்த்துவைத்த மூட்டை சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவியில் அனுபவிக்க எடுத்துவந்தது பிராரத்தம். இப்போது செய்து புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று குடைந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை, கையில் இருப்பது மூன்றாவதுதான் என்பார் தாத்தா. யோக நூல்களில் அபிநிவேசம் என்றொரு சொல் வரும். உயிரைப் பற்றிக்கொண்டிருக்கும் ஆசையும், அதோடு ஒட்டிய மரண பயமும். படித்தவர்களையும் விடாது என்பார்கள். பயம் இருப்பது பாவத்துக்குச் சான்று ஆகாது என்பதை எனக்குப் புரியவைத்தது அந்தச் சொல்தான். டீச்சரிடமும் முதலில் அதையே சொன்னேன். முகம் கொஞ்சம் இளகியது.

சரி, அப்புறம் என்ன செய்தோம்?

நான்காவது சந்திப்பில் கண்ணை மூடி உட்கார்ந்தார். படிக்கட்டு, கதவு எதையும் நான் சொல்லவில்லை. மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். பாலத்தை நினைத்தால் உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேட்டேன். பாதத்தில் என்றார். அந்தப் பாதத்திலேயே இருங்கள் என்றேன். இரண்டு நிமிடம் இருக்கும். கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின.

"ஓடு… ஓட்டு மேல உட்கார்ந்திருக்கேன். இருட்டு. கீழ தண்ணி போற சத்தம்."

எந்த வருஷம், யார் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. "காலுக்கு என்ன தெரியுது டீச்சர்?"

"ஓடு வழுக்குது. எதையோ கெட்டியா பிடிச்சிருக்கேன். பெட்டி மாதிரி. விட்டா போயிடும்."

"அந்தக் கால் என்ன செய்யணும்ங்குது?"

ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு, "இறங்கணும்ங்குது. விடியட்டும்னு இருக்கு" என்றார். விடியும்வரை அங்கேயே இருக்கச் சொன்னேன். அவசரப்படுத்தவில்லை. கடைசியில் தண்ணீர் வடிந்து, சேறு தெரிந்து, அவராகவே மனதுக்குள் ஏணியில் இறங்கினார். கண்ணைத் திறந்ததும் அவர் முதலில் பார்த்தது தன் கால்களைத்தான்.

முன்பிறவிதானே என்று கேட்டார். எதையும் முடிவு கட்ட வேண்டாம், வீட்டில் அம்மாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள் என்றேன்.

அடுத்த வாரம் அம்மாவையே கூட்டிவந்துவிட்டார். எழுபதைத் தாண்டியவர். என் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "இவ சொன்னது எங்க வீட்டு ஓடும்மா" என்றார். 1977 நவம்பர் புயல் மழையில் திருச்சிக்குள் வெள்ளம் புகுந்தபோது, புதுமணப்பெண்ணான அவர் உறையூரில் குடமுருட்டி ஆற்றுப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் இருந்திருக்கிறார். ராத்திரி முழுக்க மாமியாரோடு கூரை மேல், மடியில் தகரப் பெட்டி. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பெட்டியும் தப்பித்தது. டீச்சர் பிறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

"நான் இவகிட்ட இதைச் சொன்னதே இல்லையே" என்றார் அம்மா. டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "சொல்லல. ஆனா ஐப்பசி, கார்த்திகை வந்தா நீ பெட்டியைப் பரண்ல ஏத்திடுவ. மழை பேஞ்சா ராத்திரி தூங்க மாட்ட. என்னை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்ப."

அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைப் பெட்டி மாதிரி பிடிச்சிருந்தேனா கண்ணு" என்றார்.

விட்ட குறை தொட்ட குறை என்று நாம் சொல்வது ஒருவேளை இப்படியும் வருவதாக இருக்கலாம். ஒரு பிறவியின் பயம் அடுத்த பிறவிக்குப் போக, ஓர் அம்மாவின் மடி போதும். குழந்தையாக எப்போதோ கேட்ட பேச்சும் அதில் கலந்திருக்கும். எனக்கு அதுவே பெரிய விஷயமாகப் பட்டது. டீச்சருக்கோ ஒரு பாரம் இறங்கியது. தான் யாரையும் கொல்லவில்லை. ஒரு பெண் ராத்திரி முழுக்க உயிரைக் காப்பாற்றப் பிடித்திருந்த பிடிதான் தன் உடம்பில் இருக்கிறது.

காரணம் தெரிந்ததும் பயம் ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கால் பழக வேண்டும். மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1958-ல் எழுதிவைத்த முறை இன்னும் கைகொடுக்கிறது: பயத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, உடம்பு தளர்வாக இருக்கும்போது ஒவ்வொன்றாக ஏறுவது. நாங்கள் பதினொரு படி போட்டோம். பாலத்தின் படத்தைப் பார்ப்பது முதல் படி. கரையில் நின்று பார்ப்பது நான்காவது. அதற்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. தீவிர மனச்சோர்வு இருப்பவர்கள், குரல் கேட்கிறது என்பவர்கள், வலிப்பு வருகிறவர்கள் என்னிடம் வந்தால் இதையெல்லாம் தொடவே மாட்டேன், மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். டீச்சருக்கு அப்படி எதுவும் இல்லை.

ஒன்பதாவது படி, நடந்து பாலத்தின் பாதிவரை போவது. காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் புதுப் பாலத்தில் ஏறினோம். லாரி போகும்போதெல்லாம் பாலம் லேசாக அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் நின்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. பயம் பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். ஒன்பது. திரும்பிவிடலாமா என்றேன். "இருங்க மேடம், நிக்கறேன்." நின்றோம். கீழே மணல் திட்டும் நாணலும், ஒரு ஓரமாகக் கொஞ்சம் தண்ணீரும். எட்டானது. ஆறானது. இருபது நிமிடம் இருக்கும். ஒரு கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார். அந்தக் கை திரும்பவும் சுவருக்குப் போகவில்லை.

மூன்றாவது முறை பதவி உயர்வு வந்தபோது ஏற்றுக்கொண்டார். இப்போதும் நல்ல வெள்ளம் வரும் நாட்களில் நெஞ்சு படபடக்கிறது என்கிறார், பஸ்ஸில் கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறார். நாடி நோட்டை என்ன செய்வது என்று கேட்டார். பத்திரமாக வைத்திருங்கள், அதில் உங்களைத் தேட மட்டும் வேண்டாம் என்றேன்.

தைப்பூசத்தன்று சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடத்தின் வடகரைக்கு வருவாள். ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாதர் தங்கைக்குச் சீர் அனுப்புவார். டீச்சர் பிறந்ததிலிருந்து இந்தக் கரையில் நின்று கும்பிட்டு அனுப்புவதோடு சரி. அந்த வருடம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போயிருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு போன் வந்தது. மேளச் சத்தத்தில் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. "மேடம், இங்க மணல் ஜில்லுன்னு இருக்கு, செருப்பைக் கழட்டிட்டேன்" என்பது மட்டும் கேட்டது.