பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு, சிகிச்சை தொடங்கும் முன்

பயாப்ஸி (உடலிலிருந்து எடுத்த திசுவைப் பரிசோதிப்பது) ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று பார்த்ததும் வீட்டில் எழும் முதல் பேச்சு, “நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடலாமா?” என்பதுதான். பெரும்பாலான கட்டிகளுக்கு அந்த அவசரம் வேண்டாம். கையில் தட்டுப்படும் அளவுக்கு அது வளரவே மாதங்கள், சிலவற்றில் வருடங்கள்கூட ஆகியிருக்கும். பரிசோதனைகளை முடிக்க இரண்டு வாரம் எடுத்தால் பொதுவாக நிலைமை மோசமாகிவிடாது. ஆனால் தீவிர ரத்தப் புற்றுநோய், முதுகுவலியோடு கால் பலவீனமாவது அல்லது சிறுநீர் கட்டுப்பாடு போவது, மூச்சுத்திணறலோடு முகமும் கழுத்தும் வீங்குவது, இவற்றுக்கெல்லாம் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

முதல் ரிப்போர்ட் பெரும்பாலும் பாதி ரிப்போர்ட்தான். மார்பகப் புற்றுநோயில் இ.ஆர், பி.ஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (செல்லின் மேலுள்ள ஒரு புரதம்) மூன்றின் முடிவும் வராமல் மருந்தை முடிவு செய்ய முடியாது. ஹெர்-2 எதிரே ‘3+’ என்றிருந்தால் பாசிட்டிவ். ‘2+’ என்றிருந்தால் இரண்டுங்கெட்டான். ஹெர்-2 மரபணுவையே எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் (FISH) பரிசோதனை செய்தாக வேண்டும். அதைச் செய்யாமலே கீமோ தொடங்கினால், கூடவே கொடுத்திருக்க வேண்டிய ஹெர்-2 மருந்து விட்டுப்போகலாம். பரவிய நுரையீரல் புற்றுநோயில் இ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே போன்ற மரபணு முடிவுகளைப் பொறுத்து கீமோவுக்குப் பதில் மாத்திரையே முதல் சிகிச்சையாகலாம். லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) சந்தேகம் இருந்தால் பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு போடுகிறார்களா என்று கேளுங்கள். அது கட்டியைச் சுருக்கி, நோயை அடையாளம் காண முடியாமல் செய்துவிடலாம்.

செகண்ட் ஒப்பினியன் என்றால் ஃபைலை இன்னொரு டாக்டரிடம் காட்டுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். அதே திசுவை இன்னொரு பேத்தாலஜிஸ்ட் (திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர்) பார்ப்பது அதைவிட முக்கியம் என்பேன். மற்ற எல்லா முடிவும் அதன் மேல்தானே நிற்கிறது. லேபில் ஸ்லைடுகளோடு, திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். ஸ்லைடு மட்டும் இருந்தால் புதிய பரிசோதனைகளுக்குத் திசு போதாது. எந்த எண் பிளாக்கில் கட்டி இருக்கிறது என்பதையும் குறித்துத் தரச் சொல்லுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் அதை வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். ஸ்கேனுக்கு ஃபிலிம் மட்டும் போதாது, சி.டி.யும் வேண்டும்.

ஸ்டேஜும் கிரேடும் ஒன்றல்ல. நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஸ்டேஜ். செல்கள் எந்த அளவு உருமாறியிருக்கின்றன என்பது கிரேடு. ‘கிரேடு 3’ என்பதை மூன்றாம் ஸ்டேஜ் என்று படித்துவிட்டு அழுபவர்கள் நிறைய. ஸ்டேஜ் எண்ணும் எல்லா நோய்க்கும் ஒரே அர்த்தமில்லை. விரைப் புற்றுநோயில் நான்காம் ஸ்டேஜே கிடையாது. 55 வயதுக்குக் கீழே இருப்பவரின் பாப்பிலரி வகை தைராய்டு புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தாலும் இரண்டாம் ஸ்டேஜ்தான். ஆகவே கூகுளில் எண்ணைத் தட்டி ஆயுளைக் கணக்குப் போடாதீர்கள். அங்கே வரும் ஐந்தாண்டுப் புள்ளிவிவரம் சில வருடங்களுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களுடையது.

டாக்டரிடம் போகும்போது எழுதிக்கொள்ள ஒருவரைக் கூட்டிப் போங்கள். அதிர்ச்சியில் இருப்பவர் காதில் பாதிதான் விழும். முதலில் கேட்க வேண்டியது: “குணமாக்கவா, கட்டுக்குள் வைக்கவா?” இதற்கு நேரான பதில் கிடைத்தால்தான் மற்ற கேள்விகளுக்கு அர்த்தம்.

கீமோவுக்கு முன்பே முடிக்க வேண்டிய சில வேலைகளை யாரும் தாமாகச் சொல்லாமல் போகலாம். குழந்தை வேண்டும் என்பவர்கள் விந்தணுவையோ கருமுட்டையையோ சேமிக்க வேண்டும். கருமுட்டைக்குச் சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். ஹெபடைட்டிஸ் பி ரத்தப் பரிசோதனை அவசியம், உறங்கிக் கிடக்கும் வைரஸ் கீமோவில் கிளம்பிவிடலாம். வாய், தொண்டைக்கு ரேடியேஷன் என்றால் கெட்ட பற்களை முன்பே பிடுங்கி, புண் ஆறவும் நாள் விட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு.

இன்றே ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கீமோ தொடங்கிய பின் 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டால், நடுராத்திரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதலில் பாராசிட்டமால் போட்டுப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள்; காய்ச்சல் இறங்கும், கிருமி இறங்காது.