சுட்டால் சொல்லிவிடுங்கள், அப்பச்சி

அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) இடது கன்னத்துக்குள் ஒரு புண், ஆறவே இல்லை. நாற்பது வருடமாக வெற்றிலை பாக்கு போட்ட வாய். புகையிலை சேர்க்காததால் பயமில்லை என்றே இருந்துவிட்டோம். வெறும் பாக்கே புற்றுநோய் வரவழைக்கும் என்பது சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கட்டி பெரிதாக இருந்ததால் உடனே அறுக்க முடியாது, கீமோ கொடுத்துச் சுருக்கலாம், கூடவே கட்டிக்குச் சூடும் கொடுக்கலாம் என்றார் டாக்டர். சூடு என்றதும் ஆத்தா, என் அம்மா, அழுதுவிட்டார்கள். மாட்டுக்குச் சூடு போடுவதைத்தானே நாங்கள் பார்த்திருக்கிறோம்! இது 41 முதல் 43 டிகிரி வரைதான், கடுங்காய்ச்சலை ஒட்டிய சூடு. அதில் கட்டிக்குள் ரத்த ஓட்டம் கூடி மருந்து நன்றாக இறங்கும். சிஸ்பிளாட்டின் என்ற அந்தக் கீமோ மருந்து புற்றுச் செல்லின் டிஎன்ஏவைக் கெடுக்கும். அதைச் செல் சரிசெய்துகொள்ளாமல் சூடு தடுக்கும். சூடு மட்டும் கொடுத்துக் குணமாக்குவதில்லை, எல்லோருக்கும் இது பொருந்துவதுமில்லை.

காரைக்குடியிலிருந்து விடியற்காலைப் பல்லவனில் சென்னை போவோம். மறுநாள் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்து, சிறுநீரகம் தாங்கும் என்றால்தான் மருந்து. முன்னும் பின்னும் சலைன். சூடு கொடுக்கும் அறைக்குள் உலோகம் கூடாது. பொன் பூண் கட்டிய ருத்திராட்சத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்கள் அப்பச்சி. அது கழுத்தை விட்டு இறங்கி நான் பார்த்ததே இல்லை.

தோல் சுடாமலிருக்கக் கன்னத்தின்மேல் குளிர்ந்த நீர் ஓடும் பை, உள்ளே நூல்போல் ஒரு வெப்பமானி, ஒரு மணி நேரம். சுட்டால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தார்கள். அப்பச்சி தூக்கவில்லை. வலியை வெளியே சொல்லாமல் பொறுத்தே பழகியவர்கள். மறுநாள் கன்னத்தில் கொப்புளம், ஒரு வாரச் சிகிச்சை தள்ளிப்போனது. தோல் சுடுவதை நோயாளி சொன்னால்தான் உடனே குறைக்க முடியும் என்று நர்ஸ் பக்குவமாக எடுத்துச் சொன்னார். முதல் நாளே அப்பச்சியின் குணத்தை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. அடுத்த முறை கதவருகே நின்று, "அப்பச்சி, சுட்டாச் சொல்லிடுங்க, பொறுக்காதீங்க" என்றேன். இரண்டு தடவை கை தூக்கினார்கள்.

சிஸ்பிளாட்டின் வாந்திதான் ரொம்பப் படுத்தியது. காரம் பட்டாலே வாய் எரியும். உளுந்தும் வெல்லமும் சேர்த்துக் கிண்டும் கும்மாயத்தை ஆறவைத்து நீர்க்கக் கரைத்துக் கொடுத்தோம், அது இறங்கியது. வாய் இறுகாமல் இருக்கத் தினமும் ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையே வைக்கும் பயிற்சி. ஆரம்பத்தில் 9 குச்சிதான் நுழைந்தது. அறுவைக்கு நாள் குறித்த அன்று 13 குச்சி. அப்பச்சியே எண்ணிக் காட்டினார்கள்.