ஐ.இ.எஸ்., ஐ.எஸ்.எஸ்., டி.இ.பி.ஆர்.: பெயரைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள்

ஐ.இ.எஸ். (இந்தியப் பொருளாதாரப் பணி) தேர்வின் இறுதிப் பட்டியல் வந்துவிட்டது. கீழிருந்து தேடினால் என் பெயர் சீக்கிரம் கிடைக்கும். பரவாயில்லை, இருக்கிறது.

பாடத்திட்டம், புத்தகங்கள் எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. எம்.ஏ. முடித்த கையோடு 'எகனாமிஸ்ட்' வாடை அடிக்கிற எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிட்டு, எது என்ன வேலை என்றே தெரியாமல் படிக்கிறவர்கள்தான் அதிகம்.

ஐ.இ.எஸ்., ஐ.எஸ்.எஸ். (இந்தியப் புள்ளியியல் பணி) இரண்டுக்கும் ஒரே அறிவிக்கை. ஆங்கிலமும் பொது அறிவும் பொது. ஒற்றுமை அதோடு சரி. ஐ.இ.எஸ். எழுதும் நமக்கு நான்கு பொருளியல் தாள்களும் விரிவாக எழுதுவது, தலா 200 மதிப்பெண். ஐ.எஸ்.எஸ். எழுதுபவர்களுக்குப் புள்ளியியலின் முதல் இரண்டு தாள்கள் கொள்குறி (விடையைத் தேர்ந்தெடுக்கும்) வகை. நம்மை நிதி அமைச்சகம் நிர்வகிக்கிறது, அவர்களைப் புள்ளியியல் அமைச்சகம். ரிசர்வ் வங்கியின் கிரேடு பி அதிகாரி தேர்வில் ஆய்வு வேலை வேண்டுமென்றால் டி.இ.பி.ஆர். (பொருளாதார, கொள்கை ஆய்வுத் துறை) பிரிவுக்கு எழுதுங்கள். அதே தேர்வின் 'ஜெனரல்' பிரிவு எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுதுவது. உள்ளே போனால் வங்கிக் கண்காணிப்பு, நோட்டு நிர்வாகம் என்று எங்கும் போடலாம்.

என்னைக் காப்பாற்றியது ஒரு மெல்லிய நோட்டு. எந்தப் பதவி, எந்த அமைச்சகம், என்ன வெளியிடுகிறது என்று மூன்று கட்டம். நேர்முகத்தில் ஒருவர் சாதாரணமாகக் கேட்டார்: "தலைமைப் பொருளாதார ஆலோசகருக்குக் கீழேதானே பொருளாதார ஆலோசகர் அலுவலகம்?" இல்லை சார், அது டி.பி.ஐ.ஐ.டி.யில் (தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை) இருக்கிறது, மொத்த விலைக் குறியீட்டை வெளியிடுகிறது என்றேன். தலைமை ஆலோசகர் நிதி அமைச்சகம். பொருளாதார ஆய்வறிக்கை அவருடையது. அந்த நாற்காலிக்கு நம் சர்வீஸில் இருந்துதான் வரவேண்டும் என்றில்லை. 2022-இல் வந்த அனந்த நாகேஸ்வரன் வெளியிலிருந்து வந்தவர். 'பொருளாதார ஆலோசகர்' என்பதோ நம் பதவி உயர்வுப் படிகளில் ஒன்று. அடுத்து சில்லறை விலைக் குறியீட்டுக்குப் போனார்கள். அது புள்ளியியல் அமைச்சகம். ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர், ஊரகத் தொழிலாளர் குறியீடுகள் லேபர் பீரோ. பேச்சு அங்கேயே சூடுபிடித்துவிட்டது.

அப்புறம் சில:

- எழுதப் பிடிக்குமா? ஐ.இ.எஸ். எனக்குக் கொள்குறி என்றாலே அலர்ஜி, அதனால் இந்தப் பக்கம் சாய்ந்துதான் சொல்வேன்.
- நிகழ்தகவில் ருசி இருந்தால் ஐ.எஸ்.எஸ். அல்லது ரிசர்வ் வங்கியின் டி.எஸ்.ஐ.எம். (புள்ளியியல், தகவல் மேலாண்மைத் துறை).
- களத்தில் அலையப் பிடித்தால் மாநிலப் பொருளியல், புள்ளியியல் துறை. வயலில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து, எடை போடும் பயிர் அறுவடைப் பரிசோதனை அங்கேதான்.
- தமிழ் வழியில் படித்தவர்கள் கவனிக்க: ஐ.இ.எஸ். விடைகள் ஆங்கிலத்தில் மட்டும். வாரம் ஒரு கட்டுரையாவது கையால் எழுதுங்கள், தட்டச்சு வேண்டாம்.